இருபத்தேழாவது திருத்தமும் நம் ஊர்ப் பள்ளி வாரியமும்

(அமெரிக்காவில் உள்ள தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, முன்வரிசையை அணி செய்யும் முன்னாள் தலைவர்களே, வார இறுதிகளையெல்லாம் பிள்ளைகளின் தமிழுக்கே கொடுத்துவிட்ட தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் வரவேற்புரை தொடங்கி இதுவரை கைப்பேசியைத் தொடாமல் அமர்ந்திருக்கும் எங்கள் நகரவை உறுப்பினர் அவர்களே, தாய்மார்களே, இளையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். என்னை அழைத்த தலைவருக்கு நன்றி. பட்டிமன்றத்துக்கும் மதிய உணவுக்கும் நடுவே என்னை நிறுத்திய செயலாளரின் துணிச்சலுக்குத் தனி நன்றி.

அமெரிக்க அரசமைப்பின் அடிப்படைகளை மீள நோக்குவது எனக்குத் தரப்பட்ட பொருள். அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி, அடிப்படை உரிமைகள் என்று மூன்றாகப் பகுத்துக்கொண்டு பேச எண்ணியிருக்கிறேன்.

1787ஆம் ஆண்டு மே மாதம் முதல் செப்டம்பர் 17 வரை, பேசுவது எதுவும் வெளியே கசியக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, பிலடெல்பியாவில் மாநிலங்களின் பேராளர்கள் கூடி இந்த அரசமைப்பை வகுத்தார்கள். வந்தவர்கள் 55 பேர்; கையெழுத்திட்டவர்கள் 39 பேர். அதற்கு முன்பு நடைமுறையில் இருந்த கூட்டமைப்பு விதிகளின்படி நடுவண் அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. அந்த விதிகளை மாற்ற வேண்டுமென்றால் 13 மாநிலங்களும் ஒருசேரத் தலையசைக்க வேண்டும். மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய உழவர்கள் டேனியல் ஷேஸ் போன்றோரின் பின்னால் திரண்டு நீதிமன்றங்களை மறித்தபோது, நடுவண் அரசு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அரசு வலுவாக இருக்க வேண்டும், ஆனால் இன்னொரு மன்னர் முளைத்துவிடக் கூடாது என்ற இரட்டை அச்சத்திலிருந்துதான், சட்டம் இயற்றுவதைக் காங்கிரஸ் என்னும் நாடாளுமன்றத்திடமும், அதை நிறைவேற்றுவதைக் குடியரசுத் தலைவரிடமும், தீர்ப்பளிப்பதை நீதிமன்றத்திடமும் பிரித்துக் கொடுத்து, ஒருவர் கையை மற்றவர் பிடித்து நிறுத்தும்படியாக அமைத்தார்கள். அரசமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று அதில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தம் தீர்ப்பால் நிலைநாட்டியது அது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களில் ஐவரை மூவராக எண்ணச் சொன்னதும் இதே ஆவணம்தான் என்பதை மேடை மரியாதைக்காக நான் மறைக்கப் போவதில்லை.

பிழைகளைத் திருத்த ஐந்தாம் பிரிவில் வழி வைத்தார்கள். ஆனால் அது கரடுமுரடான வழி. வழக்கமான முறையில், காங்கிரஸின் ஈரவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்து முன்மொழிய வேண்டும். பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது இன்றைய கணக்கில் 38 மாநிலங்கள், ஒப்புதல் தர வேண்டும். என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அடுத்து நான் என்ன சொல்வேன் என்று தெரியும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

குடியுரிமைத் தேர்வில் எத்தனை திருத்தங்கள் என்று கேட்டபோது "இருபத்தேழு" என்று ஒப்பித்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த இருபத்தேழாவது வந்த கதையைக் கேளுங்கள். 1982ஆம் ஆண்டு, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி வாட்சன் என்ற மாணவர் அரசியல் பாடத்துக்குக் கட்டுரை எழுத நூலகத்துக்குப் போனார். அங்கே ஒரு புத்தகத்தில் பழைய திருத்தம் ஒன்று கண்ணில் பட்டது. அரசமைப்பை வகுத்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனின் முயற்சியால் 1789இல் காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பிய 12 திருத்தங்களில் 10 மட்டும் 1791இல் நிறைவேறி உரிமைகள் பட்டியல் ஆயின. நின்றுபோன இரண்டில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே மாற்றிக்கொண்டால், இடையில் ஒரு தேர்தல் நடந்து முடியும்வரை அது நடைமுறைக்கு வராது என்றது. அதற்குக் காலக்கெடு எதுவும் விதிக்கப்படவில்லை. கெடு இல்லாவிட்டால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று வாட்சன் எழுதினார். கட்டுரைக்குக் கிடைத்த மதிப்பெண் 'சி'. முறையிட்டுப் பார்த்தார், மாறவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். நம் வீட்டுப் பிள்ளை 'சி' வாங்கி வந்தால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். வாட்சன் உட்கார்ந்து கடிதம் எழுதினார். ஒவ்வொரு மாநிலமாகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எழுதினார். பதிலே வராத கடிதங்களுக்குக் குறைவில்லை. சொந்தக் காசில் அஞ்சல் தலை வாங்கி ஒட்டி மறுபடியும் அனுப்பினார். 1983இல் மெய்ன் மாநிலம் ஒப்புதல் தந்தது. அடுத்த ஆண்டு கொலராடோ. பிறகு வரிசையாக மற்ற மாநிலங்கள். 1992 மே 7ஆம் நாள், முன்மொழியப்பட்டு 202 ஆண்டுகள் கழித்து, அது அரசமைப்பின் பகுதியாயிற்று. பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணை 'ஏ' என்று திருத்த மேலும் 25 ஆண்டுகள் ஆயின என்பதைக் கேட்டால், அரசமைப்பைத் திருத்துவதே எளிது போலத் தோன்றுகிறது. அடிமேல் அடி என்று சும்மாவா சொன்னார்கள்?

இரண்டாவதாகக் கூட்டாட்சி. நடுவண் அரசுக்கு ஒப்படைக்காத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது பத்தாவது திருத்தம். கல்வியைப் பற்றி அரசமைப்பில் ஒரு வரியும் இல்லை. அதனால் பள்ளிகள் மாநிலத்தின் பொறுப்பாகி, அங்கிருந்து கல்வி மாவட்டங்களுக்கு இறங்கி, பெரும்பாலான இடங்களில் ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்தின் கைக்கு வருகின்றன. நான் வந்து சேர வேண்டிய இடம் இதுதான். குடியரசுத் தலைவர் தேர்தல் இரவில் விடிய விடியத் தொலைக்காட்சி பார்க்கும் நம்மில் எத்தனை பேருக்கு வாரிய உறுப்பினரின் பெயர் தெரியும்? நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் படிக்கும் தமிழை உயர்நிலைப் பள்ளியின் மொழிப் பாடத் தகுதியாக ஏற்கச் செய்வதற்கு வாஷிங்டனுக்குப் போக வேண்டியதில்லை. வாரியத்தின் வாசலைத் தட்டினால் போதும். சில கல்வி மாவட்டங்கள் ஏற்கவும் செய்திருக்கின்றன. இங்குள்ள வாரியத்துக்கு இரண்டு முறை மனு கொடுத்தோம். கூட்டத்துக்கு வந்தவர்களை ஒரு காரில் ஏற்றிவிடலாம்.

இந்த வாக்குரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923இல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1946இல் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றிய பிறகுதான் அந்தத் தடை நீங்கியது.

மூன்றாவது பகுதியான அடிப்படை உரிமைகளுக்கு நேரமில்லை என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முதல் திருத்தம் பேச்சுரிமையோடு, அரசிடம் முறையிடும் உரிமையையும் காக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் பதிவுப் படிவங்கள் அரங்கின் பின்புற மேசையில் இருக்கின்றன. குடியுரிமை பெறாதவர்கள் தவறியும் அவற்றை நிரப்பிவிடாதீர்கள். குடியேற்ற நிலைக்கே கேடாக முடியும். ஆனால் வாரியக் கூட்டத்தில் பேசுவதற்குக் குடியுரிமைச் சான்றிதழ் கேட்பதில்லை. பெயரையும் முகவரியையும் தாளில் எழுதிக் கொடுத்தால் மூன்று நிமிடம் தருவார்கள். அடுத்த கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்கு. நன்றி, வணக்கம்.