ஆலைக்குக் கீழே ஒரு நிலவறை

நேயர்களுக்கு வணக்கம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கற்பனை உலகத்தில் புகுந்து விளையாடும் ஆட்டம் ஒன்று உண்டு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கெல்லாம் வழி திறந்துவிட்டது. ஆட்டத்தை நடத்துபவர் கேம் மாஸ்டர். மற்றவர்கள் இறங்கிப் போகும் நிலவறையை அமைப்பது அவர் பொறுப்பு. அதை எப்படி அமைத்தால் நம்பும்படி இருக்கும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஓர் அறை, அதில் ஒரு பூதம், ஒரு புதையல். அடுத்த அறையிலும் அதே. இப்படிக் கோத்துக்கொண்டே போனால் மூன்றாவது கதவிலேயே ஆட்டக்காரர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். அந்தப் பூதம் எதைத் தின்கிறது, தண்ணீருக்கு எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. அதனால் பென்சிலைக் கையில் எடுக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: அந்த இடத்தில் முன்பு என்ன வேலை நடந்தது?

நம் மொரிசியஸில் இதற்கு வெளியே தேடவே வேண்டாம். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பழைய ஆலைகளின் கல் புகைபோக்கிகள் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஓர் ஆலையை உங்கள் கற்பனை உலகத்துக்குக் கொண்டு போங்கள். வண்டி வந்து நிற்க அகலமான வாசல். அடுத்து கரும்பு பிழியும் கூடம். சாறு ஓடி வரும் வாய்க்கால். வரிசையாகக் கொப்பரைகள் பதித்த காய்ச்சும் கூடம். சக்கையை எரிக்கும் அடுப்பு. சர்க்கரை மூட்டை அடுக்கும் கிடங்கு. வேலை எந்த வரிசையில் நடந்ததோ, அறைகளும் அந்த வரிசையில் அமைந்துவிடும். அடுப்பிலிருந்து புகைபோக்கிக்குத் தரைக்கடியில் ஒரு புகைவழி வைத்தால் இரண்டாவது நுழைவாயிலும் கிடைத்துவிட்டது. கயிறு கொண்டு வந்தவர் மேலேயிருந்து இறங்கலாம்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் கையில் கிடைக்கும் வரைபடம் முதலாளியின் மேசையில் இருந்தது. அதில் முதலாளி நடந்த வழிகள்தான் இருக்கும். இரவில் தூங்கப் போகவும், வேலையை மேற்பார்க்கும் சர்தார் கண்ணில் படாமல் சந்திக்கவும், சாமி கும்பிடவும் கூலிகள் உண்டாக்கிக்கொண்ட வழிகள் அதில் இருக்காது. 1834-இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்திறங்கியவர்களின் வழிவந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கிடங்கின் பின்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கல் பெயர்ந்திருக்கிறது. உள்ளே சிறு மாடம், அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அகல். அந்த வழியைக் கண்டுபிடிக்கும்போது ஆட்டக்காரர்கள் முகத்தைப் பாருங்கள். எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

அந்த வழி எங்கே போகிறது? கீழே, எரிமலைக் குகைக்கு. நம் தீவே எரிமலையில் பிறந்தது. ஓடும் குழம்பின் மேல்தோல் ஆறி இறுகிவிடும், உள்ளே சூடான குழம்பு வடிந்து ஓடிவிடும், மிஞ்சுவது நீண்ட குழாய் போன்ற குகை. அது சரிவாகவே இருக்கும், ஆகவே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்துத் திண்டாட வேண்டாம். கூரை இடிந்த இடத்தில் வெளிச்சம் விழும், மரவேர் தொங்கும். இப்படிப்பட்ட குகைகளில் கூடு கட்டும் உழவாரன் குருவி ஒன்று நம் தீவில் உண்டு. இருட்டில் அது 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கேட்டே பறக்கிறது. உங்கள் குகைப் பூதத்துக்கும் அந்தத் திறமையைக் கொடுங்கள். தீப்பந்தத்தை அணைத்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்கள், மூச்சுச் சத்தத்துக்கும் பயப்படத் தொடங்குவார்கள்.

பொறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே குடியிருப்பவர் தினமும் நடக்கும் பாதையில் யாரும் விஷ அம்பு வைக்கமாட்டார். தரை தேய்ந்த வழி பத்திரமானது, தூசி படிந்த வழியில் ஆபத்து. இதை ஆட்டக்காரர்கள் தாங்களே கவனித்துக் கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம், நேரம் ஓட வேண்டும். நான் வைக்கும் கடிகாரம் புயல். புயல் நெருங்க நெருங்க எண் ஏறும், நமக்குப் பழகிய 1 முதல் 4 வரையிலான எச்சரிக்கைதான். 1-இல் சுவரில் ஈரம், 2-இல் கணுக்கால் வரை தண்ணீர், 3-இல் கூலிகளின் வழி மூழ்கிவிடும், 4-இல் குகையின் கீழ்க்கோடி முழுவதும் நிரம்பிவிடும். புதையலைக் கீழ்க்கோடியிலேயே வையுங்கள். அது தங்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதலாளி ஒளித்து வைத்த கூலிக் கணக்குப் புத்தகமாகவும் இருக்கலாம், ஆனால் நனைந்தால் போயிற்று. புகைபோக்கி வழியாக ஏறுவதா, கூரை இடிந்த இடத்துக்கு ஓடுவதா என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வரும். அவசரப்படுத்தாமல் பேச விடுங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும், அழைத்த வானொலிக்கும் நன்றி. வணக்கம்.