கல்லை அடைகாத்த பெங்குவின்கள்

நடுவர் அவர்களே, அவையோருக்கு வணக்கம். எதிர்பாராமல் பெற்றோராகும் விலங்குகளின் படக்கதை குழந்தையைக் குழப்புமா, தெளிவாக்குமா? தெளிவாக்கும் என்பதே எங்கள் அணியின் கட்சி.

'எல்லாம் எழுதுகிறவர்கள் கட்டிவிட்ட கதை' என்றார் எதிரணி நண்பர். இல்லை ஐயா. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உயிரியல் பூங்காவில் ராய், சைலோ என்று இரண்டு ஆண் பெங்குவின்கள் இருந்தன. இரண்டும் சேர்ந்து ஒரு கல்லை அடைகாத்தன. குஞ்சு பொரிக்கவே பொரிக்காத வெறும் கல்! அதைப் பார்த்த பராமரிப்பாளர் முதலில் ஒரு போலி முட்டையை வைத்துச் சோதித்தார். பொறுப்பாகப் பார்த்துக்கொண்டன. அப்புறம்தான், இரண்டு முட்டையிட்டிருந்த வேறொரு ஜோடியிடமிருந்து ஒரு நிஜ முட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் அடைகாத்துப் பொரித்த பெண் குஞ்சுதான் டேங்கோ. அதற்கு இரையூட்டி வளர்த்ததும் அந்த இரண்டு பறவைகளே. 2005-இல் வெளிவந்த அமெரிக்கப் படக்கதை சொல்வது இவ்வளவுதான். அதை நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கிளம்பிய எதிர்ப்பால், அதிக எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் பட்டியலில் 2006 முதல் 2008 வரை அதற்கே முதலிடம். எனக்கு இது வேதனையாக இருக்கிறது.

'அந்த ஜோடி பிறகு பிரிந்துவிட்டதே, அதைச் சொல்வார்களா?' என்று மடக்கினார்கள். பிரிந்தது உண்மைதான். அதனால் டேங்கோ வளராமல் போய்விட்டதா? அடைகாத்த நாட்கள் பொய்யாகிவிட்டனவா? பெற்றவர்கள் பிரிந்த வீட்டுப் பிள்ளையும் இந்த அவையில் இருக்கலாம். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள்.

'விலங்குக்கு ஏது பாசம், வெறும் உள்ளுணர்வு' என்றார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கென்யாவில் மீட்கப்பட்ட நீர்யானைக் குட்டி ஒன்று, நூறு வயதைத் தாண்டிய ஆமையோடு ஒட்டிக்கொண்டது. அதன் பக்கத்திலேயே படுத்தது, அது தின்பதைப் பார்த்துத் தானும் தின்றது. அந்தப் படத்தைப் பார்க்கும் குழந்தை உள்ளுணர்வைப் பற்றி விவாதிக்காது. யார் பக்கத்தில் படுத்தால் பயம் போகிறது என்று பார்க்கும். பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கும் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கும் அது தெரிந்த சங்கதி. மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியட்டுமே!

'முட்டையிட்ட அம்மா எங்கே?' என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது என்று திகைக்கிறார்கள். நடந்ததைச் சொல்லுங்கள். அந்த அம்மாவும் அதே பூங்காவில்தான் இருந்தது, அந்த ஜோடியால் இரண்டு முட்டையையும் சேர்த்துப் பொரித்து வளர்க்க முடியவில்லை என்று சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். அந்தப் புத்தகம் குழந்தைகள் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.