மூட்டையாக வாங்கினால் லாபமா?

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் பத்து கிலோ உருளைக்கிழங்கு ஒரே மூட்டையாக வாங்கினேன். விலை மலிவு, கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் வெங்காயம் கிடந்த மூலையிலேயே அதையும் சாய்த்து வைத்தேன். மூன்றாவது வாரம் சமையலறையில் ஒரு வாடை. எலிதான் செத்துக் கிடக்கிறது என்று அலமாரியை எல்லாம் நகர்த்திப் பார்த்தோம். கடைசியில் சந்தேகம் வந்து மூட்டைக்குள் கையை விட்டேன். விரல் ஒரு கிழங்குக்குள் புதைந்தது. மேலே இருந்தவை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. அடியில் ஒன்று அழுகி, அதிலிருந்து வடிந்த நீர் பக்கத்தில் இருந்ததையெல்லாம் கெடுத்திருந்தது. மூன்று கிலோ குப்பைக்குப் போயிற்று.

அன்றைக்குப் போட்ட கணக்கு இது. 30 சதவீதத் தள்ளுபடியில் பத்து கிலோ வாங்கினால், ஏழு கிலோவுக்கான பணத்தைத்தான் கொடுத்திருக்கிறோம். மூன்று கிலோவை எறிந்துவிட்டால் கையில் நிற்பதும் ஏழு கிலோதான். தள்ளுபடி அங்கேயே சரியாகிவிட்டது. சுமந்து வந்த தோள்வலி தனி. அதனால் காய் மலிவா இல்லையா என்று நான் இப்போது கடையில் பார்ப்பதில்லை, குப்பைக்கூடையில் பார்க்கிறேன்.

பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடுகிறது. இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் உள்ளே வியர்ப்பது அதனால்தான். வெங்காயத்துக்கு வேண்டியது காற்றோட்டமும் உலர்ந்த இடமும். உருளைக்கிழங்குக்கு இருட்டும் குளுமையும் வேண்டும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை வந்த இடத்தில் சோலனைன் என்ற நச்சும் கூடியிருக்கும், வெட்டி எறியத்தான் வேண்டும். சரி, குளுமைக்காக ஃபிரிட்ஜில் வைக்கலாமா? வேண்டாம். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது சீக்கிரம் கறுத்துப்போகும். வெங்காயமும் கிழங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும். என் மூலையில் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இன்னொரு எதிரி கண்ணுக்கே தெரியாது. ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அது பட்டால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். கேரட் ஏன் கசக்கிறது என்று கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன். அதே தட்டில் ஆப்பிளை வைத்தது நான்!

அப்புறம் சமையல் திட்டம். என்ன சாப்பிட ஆசை என்று தொடங்கி வாரப் பட்டியல் போட்டுப் பார்த்தேன், மூன்று நாள்கூட ஓடவில்லை. இப்போது எது முதலில் கெடும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வாங்கி வந்த முதல் இரண்டு நாள் கீரை. பிறகு பீன்ஸ், காலிஃபிளவர். வாரக் கடைசிக்கு முட்டைக்கோஸ், கேரட். கிழங்கும் வெங்காயமும் வெட்டாத பூசணியும் அவசரப்படாதவை, இடையில் எங்கே வேண்டுமானாலும் சேரும். ஒரு நாளை மட்டும் எதுவும் எழுதாமல் விடுவேன். மிஞ்சியது எல்லாம் அன்றைக்கு ஒரே பானைக்குள் போகும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்தான், ஆனாலும் பானை காலியாகும்.

முட்டைக்கோஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரியதாக வாங்கினால் நடுவில் வெட்டாதீர்கள், வெட்டிய பக்கம் கறுத்துவிடும். வேண்டிய அளவுக்கு வெளி இதழ்களாக உரித்து எடுங்கள். உள்ளே இருப்பது தன் பாட்டுக்கு இருக்கும்.

அப்படியும் மிஞ்சினால் ஃப்ரீசர். பீன்ஸை நறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு, எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் இன்னொரு மூன்று நிமிடம் போடுங்கள். நிறத்தையும் ருசியையும் கெடுக்கிற நொதிகள் அந்தச் சூட்டில் அடங்கிவிடும். பிறகு ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி உறைய வைத்த பிறகே பையில் போட வேண்டும். நேரே பையில் போட்டால் ஒரே கட்டியாகிவிடும், உடைக்கச் சுத்தியல் தேடுவீர்கள். தக்காளிக்கு இத்தனை பாடு இல்லை. முழுதாகவே உறைய வைக்கலாம். குழாயடியில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். வெள்ளரிக்காய் மட்டும் வேண்டாம், உருகினால் சொதசொதவென்று ஆகிவிடும்.

பையின் மேல் என்ன காய், எந்தத் தேதி என்று எழுதிவிடுங்கள். எங்கள் ஃப்ரீசரின் அடியில் எழுதாத பொட்டலம் ஒன்று கிடக்கிறது. பட்டாணி என்கிறேன் நான். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.