ஊதினால் மாறும் நீலம்

(சென்னை வியாசர்பாடியில் ஒரு படிப்பக மாடியில், ஞாயிறு மாலை பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் மைக் இல்லாமல் கத்தியே பழகிய கெமிஸ்ட்ரி டீச்சர் நான்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு, ஆல்கலைன் தண்ணீர் மெஷின் விற்க, டை கட்டிய ஒரு தம்பி வந்தார். என் வீட்டுக் கேன் தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டார், மஞ்சளானது. அவருடைய மெஷின் தண்ணீரில் விட்டார், நல்ல நீலம். "பாத்தீங்களாம்மா, நீங்க குடிக்கிறது அமிலம். கேன்சர், சுகர், மூட்டுவலி எல்லாமே இதனாலதான்" என்றார். மெஷின் விலை லட்சத்துக்கு மேல். பக்கத்து வீட்டு அக்கா தவணைக்குக் கையெழுத்தே போட்டுவிட்டார்.

அந்தச் சொட்டு மருந்தில் மாயம் எதுவும் இல்லை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீன்தொட்டித் தண்ணீரின் பி.எச். பார்க்க விற்கிற சரக்குதான். மீனுக்கு அந்தச் சோதனை தேவை; அதன் செவுள் இருபத்து நாலு மணி நேரமும் அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது. நாம் தண்ணீருக்குள் வாழவில்லை.

பி.எச். என்பது அமிலமா காரமா என்று சொல்லும் ஓர் அளவு. 1909இல் டென்மார்க்கில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் கொண்டுவந்தது. 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம், அதாவது ஆல்கலைன். காரம் என்றதும் மிளகாய் பஜ்ஜியை நினைக்காதீர்கள். அப்பளக்காரம், சவுக்காரம் என்கிறோமே, அந்தக் காரம். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகிறதே, அது மஞ்சள்தூள் செய்கிற பி.எச். சோதனை. ஒரு டீச்சரும் தேவையில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: இந்த அளவில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. இரண்டு படி என்றால் நூறு மடங்கு.

சரி, இப்போது இதைப் பாருங்கள். அக்கா வீட்டு மெஷினில் பிடித்த தண்ணீர், பி.எச். 9 என்று சொல்லி விற்றது. சொட்டு விட்டேன், நீலம். முன்வரிசைத் தம்பி, இந்த ஸ்ட்ராவை வைத்து ஊது. உறிஞ்சிவிடாதே! ஊது... இன்னும் கொஞ்சம்... பச்சையாகிறதா? விடாமல் ஊது. ஆ, மஞ்சள்.

லட்ச ரூபாய்க் காரம் ஒரு பையன் மூச்சில் போய்விட்டது. இதே தண்ணீர் உள்ளே போனால், அங்கே இரைப்பையில் பி.எச். 2 அளவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அந்த அமிலத்தில் ஒரு சின்ன டம்ளர், 100 மில்லி என்று வையுங்கள். பி.எச். எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், அதை நடுநிலையாக்க பி.எச். 9 தண்ணீர் 100 லிட்டர் வேண்டும். ஐந்து கேன்! நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் கேட்பது வேறு கதை. அதில் அமிலத்தை அடக்குகிற சரக்கு நிஜமாகவே இருக்கிறது.

தம்பியின் மூச்சில் என்ன இருந்தது? கரியமில வாயு. தண்ணீரில் கரைந்தால் அமிலமாகும். அதாவது அவன் ரத்தம் அப்போதுதான் வெளியே தள்ளிய அமிலத்தைத்தான் நாம் பார்த்தோம். ரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கிறது. ஏறினாலும் இறங்கினாலும் நுரையீரல் மூச்சைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும். மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். எலுமிச்சை குடித்தால் சிறுநீரின் பி.எச். மாறலாம். அது சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி, ரத்தம் மாறியதற்கு அல்ல.

ரத்தம் உண்மையிலேயே அமிலமாகிற நிலையும் உண்டு. இன்சுலின் போடுகிறவர் ஊசியை நிறுத்தினால், உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலங்கள் சேர்ந்துவிடும். வாந்தி வரும், மூச்சு வாங்கும். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆல்கலைன் பாட்டிலை நீட்டக் கூடாது. எனக்குக் கோபம் வருவது மெஷின் விலையால் அல்ல. "இனி மாத்திரை வேண்டாம்" என்று அந்த மெஷின் தம்பி அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனதால்.

புற்றுநோய்க்குக் காரணம் அமிலம் என்று கண்டுபிடித்து நோபல் வாங்கினார் என்று, வாட்ஸப்பில் ஜெர்மன் விஞ்ஞானி வார்பர்க் பெயரும் வருகிறது. 1931இல் அவருக்கு நோபல் கிடைத்தது செல்கள் சுவாசிக்கும் நொதி பற்றிய ஆய்வுக்கு. புற்றுக்கட்டி தன்னைச் சுற்றி அமிலத்தை உண்டாக்குகிறது என்பது சரி. சாப்பாட்டு அமிலத்தால் கட்டி வந்தது என்பது தலைகீழ்.

அப்புறம், கேன் தண்ணீர் ஏன் மஞ்சளானது? ஆர்.ஓ. சுத்திகரிப்பில் உப்புகள் போய்விடுகின்றன. காற்றிலிருக்கும் கரியமில வாயு கொஞ்சம் கரைந்தாலே பி.எச். இறங்கிவிடும். அவ்வளவுதான்.

நம் பகுதியில் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாமா என்றால், வேண்டும்தான். குழாய்த் தண்ணீர் வருகிற அடிபம்பில் முதல் இரண்டு குடம் நாறுகிறதே, அதற்கு. சாக்கடை கலந்த தண்ணீரும் பி.எச். 7 காட்டும், காலரா கிருமிக்கு அந்த எண் ஒரு தடையே இல்லை. பார்க்க வேண்டியது குளோரின். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும். இதோ இந்தச் சின்னப் பெட்டி அதற்குத்தான். இதிலும் சொட்டுதான் விடுவோம், ஆனால் இதில் மஞ்சள் வந்தால் நல்லது! வராவிட்டால் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தெருக்காரர்கள் சேர்ந்து போய்ப் புகாரும் எழுதிக் கொடுங்கள்.

நாளைக் காலை பம்பில் தண்ணீர் வந்ததும் பாட்டில் நிறையப் பிடித்து, மூடி போட்டு, உடனே இங்கே எடுத்து வாருங்கள். வைத்திருந்தால் குளோரின் பறந்துவிடும். ஏழு மணிக்கு நான் வந்துவிடுவேன்.