28 ஆட்டம், ஒரு கெட்ட நாள்

(தருமபுரியில் டென்னிஸ் பயிற்சியாளர்களும், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரும் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

2021 செப்டம்பரில் நியூயார்க் இறுதி ஆட்டத்துக்கு நோவக் ஜோகோவிச் இறங்கியபோது, அந்த ஆண்டின் பெரிய போட்டிகளில் 27 ஆட்டம் ஆடி 27-லும் வென்றிருந்தார். பாக்கி ஒன்றே ஒன்று. அதை எதிரே ஆடிய மெட்வெடேவ் 6-4, 6-4, 6-4 என்று ஒரு செட்டும் விடாமல் பறித்துக்கொண்டார். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா என்று நான்கையும் ஒரே ஆண்டில் வெல்வது, அதாவது கிராண்ட் ஸ்லாம், ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு அந்த ஒரு ஆட்டமே போதும்.

ஒற்றையரில் 128 பேர் இறங்குகிறார்கள். ஏழு சுற்று. நான்கு போட்டிக்கு 28 ஆட்டம். நூறு ஆட்டத்தில் தொண்ணூறு வெல்லும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், உலகத்தரமான ஆள்தான். அவர் தொடர்ந்து 28 வெல்ல வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். நூற்றுக்கு 95 வெல்பவருக்கே 24-ஐத் தாண்டாது. 28 ஆட்டத்தில் ஒரு கெட்ட நாள் வந்தே தீரும். அன்று எப்படித் தப்பித்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கோப்பையை எண்ணுவதில் பயனில்லை.

கிராண்ட் ஸ்லாம் என்ற பெயர் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. பிரிட்ஜில் 13 பிடியையும் ஒரே தரப்பு எடுத்தால் அப்படிச் சொல்வார்கள். 1933-இல் ஆஸ்திரேலியாவின் ஜாக் கிராஃபோர்டு முதல் மூன்றையும் வென்று அமெரிக்க இறுதிக்கு வந்தபோது பத்திரிகைக்காரர்கள் அந்தச் சொல்லை டென்னிசுக்குக் கொண்டுவந்தார்கள். ஃபிரெட் பெரியிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்த கிராஃபோர்டு, கடைசி இரண்டு செட்டை 6-0, 6-1 என்று விட்டுவிட்டார். பெயர் வந்துவிட்டது, சாதித்தவர் வர இன்னும் ஐந்து வருடம் ஆயிற்று.

1938-இல் டான் பட்ஜ் அதைச் செய்தார். முன்கூட்டியே திட்டம் போட்டு, இரட்டையர் கூட்டாளி ஜீன் மேக்கோவிடம் மட்டும் சொல்லியிருந்தாராம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க இறுதியில் எதிரே வந்து நின்றதே அந்த மேக்கோதான். சூறாவளி மழையால் அந்த ஆட்டம் பல நாள் தள்ளிப்போனது. ஒரு செட்டை இழந்து வென்றார். 1953-இல் மாரீன் கானலி, வயது 18. நான்கு போட்டியிலும் சேர்த்து அவர் இழந்தது ஒரே ஒரு செட். மறு ஆண்டே குதிரைச் சவாரியில் கால் அடிபட்டு, 19 வயதில் ஆட்டமே முடிந்துபோனது.

ராட் லேவரிடம் வருவோம். வீல்சேர் பிரிவை விட்டால், ஒற்றையரில் இரண்டு முறை செய்தவர் அவர் ஒருவர்தான், 1962-இலும் 1969-இலும். நடுவில் எங்கே போனார்? தொழில்முறை ஆட்டக்காரராகிவிட்டார். 1968-இல் பொதுப் போட்டிகள் தொடங்கும் வரை தொழில்முறைக்காரர்களை இந்த நான்கிலும் சேர்க்கவில்லை. ஆக, 1962-இல் லேவர் வென்றது சிறந்த சிலர் இல்லாத கூட்டத்தில். 1969-இல் எல்லோரும் இருந்தார்கள். என் கணக்கில் இரண்டாவதுதான் அசல்.

அந்த 1969-ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியப் போட்டியின் அரையிறுதி, எதிரே டோனி ரோச். 7-5, 22-20, 9-11, 1-6, 6-3. மொத்தம் 90 கேம். 6-6 ஆனதும் ஒரே கேமில் செட்டை முடிக்கும் டை-பிரேக் அப்போது கிடையாது. இரண்டு கேம் முந்தும் வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெயிலோ நம்மூர் சித்திரையைப் போல. முட்டைக்கோஸ் இலையை நனைத்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஓசூர்ப் பக்கம் கோஸ் போடுபவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் ஈர இலை தலைச் சூட்டை இறக்கும்.

விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் அவரைக் கிட்டத்தட்ட வீட்டுக்கு அனுப்பியவர் நம் நாட்டுக்காரர், கல்கத்தாவின் பிரேம்ஜித் லால். 6-3, 6-4 என்று இரண்டு செட் லாலுக்கு. மூன்றாவதில் 3-3. அங்கிருந்து லேவர் தொடர்ந்து 15 கேம் எடுத்தார். 6-3, 6-0, 6-0. அந்த 3-3-இல், லேவர் சர்வ் போட்ட ஒரு கேமை லால் பறித்திருந்தால் இன்று நாம் பேசும் பட்டியலில் 1969 இருந்திருக்காது. நம் ராமநாதன் கிருஷ்ணன் 1961 விம்பிள்டன் அரையிறுதியில் தோற்றதும் இதே லேவரிடம்தான்.

செப்டம்பர், ஃபாரஸ்ட் ஹில்ஸில் அமெரிக்க இறுதி, மறுபடி ரோச். மழையில் நனைந்த புல். முதல் செட் 7-9 என்று போனது. கால் வழுக்குகிறது என்று கண்ட லேவர் ஆணி வைத்த ஷூவுக்கு மாறினார். ரோச் மாறவில்லை. அடுத்த மூன்று செட் 6-1, 6-2, 6-2. பயிற்சியாளர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்ட்ரோக் எதையும் அவர் மாற்றவில்லை, காலுக்கடியில் இருந்ததை மாற்றினார்.

தரை என்று வந்துவிட்டதால் இந்தப் பந்தைப் பாருங்கள். வழக்கமான புதுப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்பது விதி. நம்மூர் சிமெண்ட் தரையில் சில வாரம் அடி வாங்கிய இந்த இன்னொன்றின் மேல் ரோமம் தேய்ந்துவிட்டது, உள் அழுத்தமும் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாக விடுகிறேன்... சத்தத்திலேயே வித்தியாசம் தெரிகிறதல்லவா? பழைய பந்திலேயே பழகிய பிள்ளை போட்டியில் புதுப் பந்து வந்ததும் ஒவ்வொரு அடியையும் தாமதமாக அடிக்கும்.

பந்து மாறினாலே இப்படி என்றால் தரை மாறினால்? பாரிஸ் தரையின் சிவப்பை நம் செம்மண் என்று நினைத்துவிடாதீர்கள். சுட்ட செங்கல்லை இடித்த தூள், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். டென்னிசில் களிமண் தரை என்பது இதைத்தான். பந்து அதில் வேகம் குறைந்து உயர எழும்பும். ஆட்டக்காரர் சறுக்கிக்கொண்டே போய் அடிப்பார். விம்பிள்டன் புல்லை 8 மி.மீ. உயரத்தில் வெட்டுகிறார்கள். அங்கே பந்து தாழ்வாக வழுக்கி வரும். களிமண்ணில் சறுக்கிய கால் இங்கே சறுக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். முழங்காலை மடக்கிக் குனிந்தே ஆட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற நெடுங்காலம் இரண்டே வாரம்தான் இருந்தது. 2015-இல்தான் மூன்று வாரமாக்கினார்கள்.

இதனால்தான் பட்ஜ், கானலி, லேவர், 1970-இல் வென்ற மார்கரெட் கோர்ட் ஆகியோரின் சாதனையும் 1988-இல் ஸ்டெஃபி கிராஃப் செய்ததும் ஒரே எடை அல்ல. முதல் நால்வருக்கும் மூன்று போட்டி புல்லில், ஒன்று மட்டும் களிமண்ணில். 1978 முதல் அமெரிக்கா கடினத் தரை, 1988 முதல் ஆஸ்திரேலியாவும் கடினத் தரை; அதிலும் இரண்டும் வேறு வேறு பூச்சு. கிராஃப் நான்கையும் தாண்டினார். பாரிஸ் இறுதியில் ஸ்வெரேவாவை 6-0, 6-0. விம்பிள்டனில் தொடர்ந்து ஆறு முறை வென்றிருந்த நவ்ரத்திலோவாவிடம் 5-7, 0-2 என்று பின்தங்கியவர், அடுத்த 13 கேமில் 12-ஐ எடுத்தார். பந்தின் அடியில் சீவி அடிக்கும் அவருடைய ஸ்லைஸ் பேக்ஹேண்ட் புல்லில் எழும்பவே எழும்பாது. அக்டோபரில் சியோல் ஒலிம்பிக் தங்கமும் சேர்ந்தது. அப்போது வயது 19.

அதே ஸ்லைஸ் 2015-இல் செரீனா வில்லியம்ஸைக் கவிழ்த்தது. மூன்றையும் வென்று அமெரிக்க அரையிறுதிக்கு வந்தவரை, தரவரிசையில் 43-ஆவது இடத்தில் இருந்த ரோபர்ட்டா வின்ச்சி தாழ்ந்த பந்தாகவே போட்டுப் போட்டு 2-6, 6-4, 6-4 என்று முடித்தார்.

கிராஃபுக்குப் பிறகு யாருமே செய்யவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. வீல்சேர் டென்னிசில் நெதர்லாந்தின் டீடே டி ஹ்ரூட் 2021-இல் நான்கையும் வென்று டோக்கியோ பாராலிம்பிக் தங்கமும் எடுத்தார்; 2022, 2023-இலும் நான்கும் அவருக்கே. காலோடு கையிலும் பாதிப்பு உள்ளவர்களுக்கான குவாட் பிரிவில் டிலன் ஆல்காட்டும் 2021-இல் அதையே செய்தார். ஆட்டக்காரர்கள் குறைவு, சுற்றுகளும் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். பந்து இரண்டு முறை தரையில் படலாம் என்ற சலுகையும் உண்டு. ஆனால் புல்லில் சக்கரம் அழுந்தும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் தோள் கூடுதலாகத் தள்ள வேண்டும், மட்டையையும் அதே கையில் பிடித்துக்கொண்டு. விம்பிள்டனில் வீல்சேர் ஒற்றையர் 2016-இல்தான் தொடங்கியது.