நாள் தள்ளிப்போயிருக்கு, டாக்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தோல் மருத்துவர். இருபது வருடமாக முகத்தில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். நெற்றிச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ், உதட்டுக்கும் கன்னத்துக்கும் ஃபில்லர் என்ற நிரப்பும் ஜெல் என்று தினமும் இதே வேலைதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும், பிறந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் இந்த ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாமா என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஒரு மாலை நேரம். மருந்தைக் கரைத்துச் சிரிஞ்சில் ஏற்றியாகிவிட்டது. இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஐந்து இடத்தில் வெள்ளைப் பென்சிலால் புள்ளியும் வைத்துவிட்டேன். நாற்காலியில் சாய்ந்திருந்த பெண் கண்ணை மூடியபடியே, "டாக்டர், நாள் தள்ளிப்போயிருக்கு. அஞ்சு நாள்தான். அதனால ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். படிவத்தில் 'கர்ப்பமாக இருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. நான் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, ஈரப் பஞ்சால் அந்த ஐந்து புள்ளிகளையும் துடைத்தேன். "இன்னைக்கு வேண்டாம்மா" என்றேன். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, பரிசோதனையில் இரண்டு கோடு வந்திருப்பதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து படிவத்தை மட்டும் நம்புவதில்லை. கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி என்ன என்று வாய்விட்டுக் கேட்கிறேன்.

சரி, அன்றைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியானால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போடாக்ஸ் என்பது ஒரு வணிகப் பெயர். உள்ளே இருப்பது பொட்டுலினம் டாக்சின், ஒரு பாக்டீரியா சுரக்கும் நஞ்சு. நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்தால்தான் தசை சுருங்கும். இந்த மருந்து அதை வெளிவர விடாது. தசை ஓய்ந்துவிடும், மேலே இருக்கும் தோலின் மடிப்பும் தளர்ந்துவிடும். 3 அல்லது 4 மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அமெரிக்காவில் 1989-ல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதற்கு அனுமதி கிடைத்தது. புருவ நடுக் கோடுகளுக்கு 2002-ல்தான் கிடைத்தது. புருவ நடுவில் போடுவது வழக்கமாக 20 யூனிட். மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் போட்ட தசையிலேயே தங்கிவிடும். மூலக்கூறும் பெரியது, ஏறக்குறைய 1,50,000 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). நஞ்சுக்கொடியைச் சுலபமாகக் கடப்பவை 500 டால்டனுக்குக் கீழே இருக்கும் சின்ன மூலக்கூறுகள்.

இன்னொரு சான்றும் இருக்கிறது. கெட்டுப்போன உணவிலிருந்து இதே நஞ்சு உடல் முழுவதும் பரவி, கைகால் செயலிழந்து, மூச்சுக்கருவியில் கிடந்த கர்ப்பிணிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்குத் தசை வாதம் இல்லை. கர்ப்பம் என்று தெரியாமலே இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களின் விவரத்தை மருந்து நிறுவனம் பல வருடமாகச் சேர்த்து வெளியிட்டிருக்கிறது. அதிலும் பிறவிக் குறைகள், பொதுவாக எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படும் 100-க்கு 3 என்ற கணக்கை மீறவில்லை.

இவ்வளவும் ஆறுதலான செய்திதான். ஆனால் 'தீங்கு எதுவும் கண்ணில் படவில்லை' என்பது ஒன்று, 'சோதித்துப் பார்த்தோம், பத்திரமானது' என்பது வேறொன்று. நம் கையில் இருப்பது முதலாவது மட்டும். சேர்ந்த விவரங்கள் சில நூறு பேருடையவை, அதுவும் தாமாக முன்வந்து சொன்னவர்களுடையவை. விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது குட்டிகளின் எடை குறைந்தது, எலும்பு உருவாகத் தாமதமானது. கர்ப்பிணிகளைச் சேர்த்து அழகுக்கான மருந்தை யாரும் சோதிக்க மாட்டார்கள், சோதிக்கவும் கூடாது. 1957-லிருந்து 1961 வரை தாலிடோமைடு என்ற மாத்திரையை மசக்கை வாந்திக்குக் கொடுத்தார்கள். கைகால் வளராமல் பிறந்த குழந்தைகள் 10,000-க்கும் மேல். 'நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்துவிடும்' என்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

சுருக்கம் காத்திருக்கும். ஒரு வருடம் கழித்துப் போட்டாலும் அதே பலன்தான் கிடைக்கும். அதனால்தான் அன்றைக்குச் சிரிஞ்சைக் கீழே வைத்தேன். தீராத ஒற்றைத் தலைவலிக்கோ தசை இறுக்கத்துக்கோ இதே மருந்தை எடுப்பவர்களின் கதை வேறு. அங்கே நிறுத்துவதிலும் கஷ்டம் இருக்கிறது. நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

அப்புறம் ஃபில்லர். எனக்கு ஃபில்லர் மேல்தான் அதிகக் கவலை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் வழக்கமான ஃபில்லர் ஜெல்லில் இருக்கும் ஹயலூரானிக் அமிலம் நம் உடம்பிலேயே இருப்பது. அந்த ஜெல் குழந்தையிடம் போய்ச் சேரும் என்று நான் பயப்படவில்லை. ஊசி தவறிப்போனால் அதைச் சரிசெய்ய என் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் என் பயம். ஜெல் ஒரு ரத்தக்குழாயில் புகுந்துவிட்டால், அந்த இடத்துத் தோல் கண்ணெதிரிலேயே வெளுக்கும். பிறகு வலை பின்னியது போல நீலம் பாயும். உடனே ஹயலூரானிடேஸ் போட்டு ஜெல்லைக் கரைக்க வேண்டும். அபூர்வமாகப் பார்வையே போய்விடலாம். கிருமி தொற்றினால், அல்லது மாதங்கள் கழித்துக் கட்டி கட்டியாக வீங்கினால், வழக்கமாக எதை எடுப்போம்? டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குகள், சில சமயம் ஸ்டீராய்டு, சில சமயம் ஃப்ளோரோயுராசில் ஊசி. டாக்சிசைக்ளின் சிசுவின் பற்களைக் கறையாக்கக்கூடும். ஃப்ளோரோயுராசில் புற்றுநோய் மருந்து, கர்ப்பிணியின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. ஆக, ஒரு கர்ப்பிணிக்கு இந்தக் கட்டி வந்தால் என் மருந்துப் பெட்டியில் பாதி மூடிக்கொள்கிறது. இந்தக் கட்டிகள் தாமதமாகவும் வரும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருப்பவர்களிடமும் "ஃபில்லர் இப்போ வேண்டாம்" என்றே சொல்கிறேன்.

முகமும் அந்த நாட்களில் நிலையாக இருக்காது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நீர் கோத்துக் கன்னமும் உதடும் உப்பும். இன்றைக்கு அளந்து நிரப்பினால், பிள்ளை பெற்று நீர் வடிந்த பிறகு அளவு சரியாக இருக்காது. 20 வாரம் தாண்டியவர்களை மல்லாக்கச் சாய்த்துப் படுக்க வைத்தாலே, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்திச் சிலருக்குத் தலை சுற்றிவிடும்.

தாடைக் கொழுப்பைக் கரைக்கும் ஊசி, தலைமுடிக்குச் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிளாஸ்மா ஊசி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் மாதம் வாக்கில் கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி, பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தானே முளைத்துவிடும்.

ஒரே ஒரு ஊசியைப் பற்றிக் கடுமையாகவே சொல்லப் போகிறேன். நிறம் வெளுக்க நரம்பில் ஏற்றும் குளூட்டாதயோன். தோலை வெளுக்க வைக்கும் எந்த ஊசிக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்ததில்லை. கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு பற்றியும், தோல் உரிந்துபோகும் ஆபத்தான ஒவ்வாமை பற்றியும் எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. கர்ப்பிணிகள் இதைக் கேட்டு வருவதற்குப் பெரும்பாலும் மங்குதான் காரணம். கன்னத்திலும் மேலுதட்டிலும் திட்டுத்திட்டாகக் கறுத்ததும் மனம் உடைந்துபோகிறார்கள். அம்மா, அது ஹார்மோனும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை. பெரும்பாலானவர்களுக்குப் பேறுகாலம் முடிந்து சில மாதங்களில் மங்கிவிடும். அதுவரை துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன், அகலமான தொப்பி. தேவைப்பட்டால் அசெலாயிக் அமில க்ரீம் எழுதிக் கொடுப்போம். நரம்பில் எதையும் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இனி, தாய்ப்பால். 1978-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த விவரம் இது. பொட்டுலினம் நஞ்சால் பாதிக்கப்பட்ட ஒரு தாய், பால் கொடுப்பதை நிறுத்தவே இல்லை. பாலைச் சோதித்தபோது நஞ்சு இல்லை, குழந்தையும் நன்றாக இருந்தது. முகத்தில் போடும் அளவு அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதனால், போட்டுக்கொண்டு வந்துவிட்ட தாய் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை, பால் கொடுப்பதை நிறுத்தவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்கிறார்களே, அதுவும் இந்த பாக்டீரியாவால்தானே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், தேனில் அதன் வித்துகள் இருக்கலாம், குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். ஊசி மருந்தில் வித்துகள் இல்லை. அது வேறு, இது வேறு.

பால் கொடுப்பவர்களுக்குப் போடலாமா என்பதில் மருத்துவர்களிடையே இரு கருத்து உண்டு. எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்கிப் போடுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் போடுவதில்லை. பச்சை உடம்பு, தூக்கம் இல்லை, முகத்தில் அந்த அலுப்புத்தான் முதலில் தெரிகிறது. அதைச் சுருக்கம் என்று நினைத்து வருபவர்களிடம், பால்குடி மறந்ததும் வாருங்கள், அப்போது கண்ணாடியில் சேர்ந்து பார்ப்போம் என்கிறேன்.

கடைசியாக ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரவு பதினொன்றரை மணி. பத்து நாள் முன்பு வேறொரு இடத்தில் போடாக்ஸ் போட்டுக்கொண்ட பெண். அன்று காலையில்தான் கர்ப்பம் என்று தெரிந்திருக்கிறது. வீட்டில் ஊசி போட்டதே யாருக்கும் தெரியாது. அடங்கிய குரலில் கேட்டார்: "கலைச்சிடணுமா டாக்டர்?" ஆறு வருடம் காத்திருந்து உண்டான கரு அது.

வேண்டாம். அவருக்குச் சொன்னதையே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். தெரியாமல் போட்டுக்கொண்ட போடாக்ஸோ ஃபில்லரோ கருவைக் கலைப்பதற்கான காரணமே இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லோருக்கும் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவறாமல் எடுங்கள். விழுங்கக் கஷ்டம், மூச்சு வாங்குதல், இமை தொங்குதல், தோல் நிறம் மாறுதல் இருந்தால் அன்றைக்கே போங்கள்.

மறுநாள் அவரை வரச் சொல்லி, கேட்டு வாங்க வேண்டியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: மருந்தின் பெயர், போட்ட தேதி, எத்தனை யூனிட், எந்த இடம், குப்பியின் தொகுதி எண். ஊசி போட்ட இடத்தில் கேட்டால் இவை எல்லாம் கிடைக்கும், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தச் சீட்டைக் கர்ப்பகால அட்டைக்குள் செருகி எடுத்துப் போனார்.

நன்றி, வணக்கம்.