"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் படிக்கும் மாணவர்களும் நன்னடத்தை அலுவலர்களும் ஆசிரியர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்படி அமைவது அபூர்வம். வழக்கில் சிக்கும் சிறாருக்கு நாம் பேசும் மொழி புரிகிறதா என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் மூன்று வாக்கியங்களை வாசித்துவிட்டுத் தொடங்குகிறேன்.

"நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பின்னால் நீதிமன்றத்தில் நீங்கள் நம்பியிருக்கப்போகும் ஒன்றை, இப்போது விசாரிக்கும்போது குறிப்பிடாமல் விட்டால், அது உங்கள் தரப்புக்குப் பாதகமாகலாம். நீங்கள் சொல்லும் எதுவும் சாட்சியமாக வைக்கப்படலாம்."

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவரைக் கைது செய்யும்போது போலீஸ் சொல்லும் எச்சரிக்கை இது. ஆங்கிலத்தில் மொத்தம் 37 சொற்கள். அங்கே 10 வயதான பிள்ளை மீது குற்ற வழக்குப் போடலாம். ஆகவே பள்ளிச் சீருடையில் நிற்கும் பிள்ளையிடமும் இதே 37 சொற்கள்தான்.

நடுவாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பேசாமல் இருக்கலாம் என்று முதல் வாக்கியம் கொடுத்த உரிமையில் பாதியை அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. "சொல்லாமல் விட்டால்" என்று ஒரு நிபந்தனை, "இப்போது", "பின்னால்" என்று இரண்டு காலங்கள், இன்னும் பார்த்தே இராத ஒரு நீதிமன்றம். இத்தனையையும் மனதில் பிடித்து வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு, பயத்தில், ஒரு பதினாலு வயதுப் பையன். வாசித்து முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கிறார்கள். அவன் "ம்" என்கிறான். "ம்" சொல்ல எந்த மொழித் திறனும் வேண்டாம்.

மொழி வளர்ச்சிக் கோளாறு என்று ஒன்று உண்டு. காது நன்றாகக் கேட்கும். திக்குவாய் கிடையாது. ஆனால் நீண்ட வாக்கியம் பிடிபடாது, நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது, தேவையான சொல் சமயத்தில் கிடைக்காது. பொதுவாகப் பிள்ளைகளில் ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது; 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். காவலில் இருக்கும் சிறாரிடம் வந்தால் கணக்கே மாறுகிறது. இங்கிலாந்தில் கேரன் பிரையனும் சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த சிறாரில் 66 முதல் 90 சதவீதம் பேரின் மொழித் திறன் சராசரிக்குக் கீழே இருந்தது. ஆஸ்திரேலியாவில் பமீலா ஸ்நோவின் ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மொழிக் கோளாறே இருந்தது. மொழிக் கோளாறு உள்ள பிள்ளை குற்றம் செய்வான் என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலோர் எந்த வம்புக்கும் போவதில்லை. பிடிபட்டு உள்ளே வருகிறவர்களில் இவர்கள் இவ்வளவு பேர் என்பதுதான் விஷயம்.

பள்ளியில் இது ஏன் தெரியாமல் போகிறது? புரியாத பையன், புரியவில்லை என்று சொல்வதில்லை. மேசையைத் தட்டுவான், பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான், வெளியே போய் நிற்பான். புரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிடப் போக்கிரி என்று பெயர் வாங்குவது அவனுக்குக் கௌரவம். பள்ளியும் அந்தப் பெயரையே எழுதி வைத்துக்கொள்ளும். பேச்சுக்கும் மொழிப் புரிதலுக்கும் உதவும் பேச்சு சிகிச்சையாளரிடம், அதாவது ஸ்பீச் தெரபிஸ்டிடம், அனுப்ப யாருக்கும் தோன்றாது.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. நோக்கம் நல்லது, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அது முழுக்க முழுக்கப் பேச்சால் நடப்பது. "அன்னிக்கு என்ன நினைச்சுக்கிட்டு இருந்தே?" என்று கேட்டால் பையன் தோளைக் குலுக்குகிறான். "தெரியல" என்கிறான். எதிரில் இருக்கும், பாதிக்கப்பட்ட அம்மாவுக்கு அது திமிராகத்தான் படும். அவன் உள்ளே வருந்தியிருக்கலாம். அதைச் சொல்லும் வாக்கியம் அவனிடம் இல்லை. சமாதானம் பண்ணப் போன இடத்தில் இரண்டு பேருக்கும் காயம்.

வழக்கில் சிக்கிய பிள்ளைக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் செய்யும் வேலை பகட்டானதல்ல. ஜாமீன் நிபந்தனைத் தாளை எடுத்துக்கொள்வார். "இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை மேற்படி முகவரியிலேயே தங்கியிருக்க வேண்டும்" என்று இருக்கும். ஒரு அட்டையில் கடிகாரம் ஒன்று, வீடு ஒன்று வரைந்து, "ஏழு மணிக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடு. காலைல ஏழு மணி வரைக்கும் வெளியே போகாதே" என்று எழுதுவார். பிறகு, "வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஃப்ரெண்ட் கூப்பிடறான். என்ன பண்ணுவே?" என்று கேட்பார். "வாசல்ல நின்னு பேசுவேன்" என்று பதில் வந்தால், எங்கே புரியவில்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும். நிபந்தனையை மீறினான் என்று மறுபடி கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் தெரிய வேண்டியது இது.

இங்கிலாந்தின் சிறைகளுக்குத் தலைமை ஆய்வாளராக இருந்த டேவிட் ராம்ஸ்பாதம் ஒரு செய்தி சொன்னார். ஸ்காட்லாந்தில் போல்மண்ட் இளைஞர் சிறைக்குப் போனபோது, "ஊழியர்கள் எல்லோரையும் வேலையைவிட்டு அனுப்ப நேர்ந்தாலும் கடைசியாக வாசலைத் தாண்டுகிறவர் என் பேச்சு சிகிச்சையாளராகத்தான் இருப்பார்" என்றாராம் அதன் அதிகாரி. இங்கிலாந்திலேயே குறையும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம், பேச்சுத் தொடர்பில் தடுமாறும் சாட்சிக்கு, கேள்வியையும் பதிலையும் புரியவைக்கும் ஓர் இடையாளரைத் தருகிறது. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்கு அந்தத் திட்டம் இல்லை. நீதிபதி மனம் வைத்தால் உண்டு. இது அநியாயம் என்றே சொல்வேன். நியூசிலாந்தின் 2006 சாட்சியச் சட்டம் இருவருக்குமே உதவியாளருக்கு வழி வைத்திருக்கிறது.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு உங்களுக்குத் தெரியும். கொடுங்குற்றத்தில் சிக்கிய 16 முதல் 18 வயதுள்ளவருக்கு விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா என்று, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடும் பெரும்பாலும் கேள்வி பதில்தான். கேள்வியே புரியாதவனின் பதிலை வைத்து அவன் மனத்தை எப்படி எடைபோடுவது? உளவியலாளர் தவிர "பிற வல்லுநர்" உதவியையும் பெறலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. பேச்சு சிகிச்சையாளருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. குழுமத்தின் முன் நிற்கப்போகும் வழக்கறிஞர்கள் அதைக் கேட்டு மனுப் போடுங்கள்.

நன்னடத்தை அலுவலர்களிடம் என் வேண்டுகோள் இன்னும் சின்னது. பையனின் குடும்பம், சூழல் பற்றிக் குழுமத்துக்குத் தரும் சமூகப் புலனாய்வு அறிக்கையை அடுத்த முறை எழுதும்போது, குழுமம் இட்ட உத்தரவைப் பையனிடம் அவன் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொன்னதை, தப்பும் தவறுமாக இருந்தாலும் திருத்தாமல், அப்படியே அறிக்கையில் சேருங்கள்.